பெயர் விடுபட்ட சாட்சிகள்

பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காடாம்புலியூர் அமைந்துள்ளது. பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன செம்மண் பூமி அது. முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழில் அங்கும் சுற்று ஊர்களிலும் பரவலாக நடைபெறுகிறது. உடைப்பவர் பெரும்பாலும் பெண்கள். இப்பெண்களிடையே சில வாரங்கள் பழகி, அவர்களுடைய உழைப்பையும் நம்பிக்கையையும் குறித்து இறையியல் மாணவர் ஒருவர் எழுதிய ஆய்வேடு அண்மையில் நம் பார்வைக்கு வந்தது. எழுதியவர் நமக்கு அன்பர், ஆற்றல் உடையவர். அவருடைய இசைவுடனேயே அதனை இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயரையும் கல்லூரியையும் குறிக்காது விடுவது அவர் வேண்டுகோள். சான்று காட்டுதலைப் பற்றி எழுதப் புகும் நாம் ஒரு பெயரை மறைப்பதாயின் அதற்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுதல் முறை.

ஏட்டின் சிறந்த பகுதி அதன் மூன்றாம் இயல். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடம் புண்ணாகும். சாம்பலையும் ஆமணக்கெண்ணெயையும் பூசிக்கொண்டு உடைத்தாலும், ஆண்டுக்கணக்கில் தோல் உரிந்து உரிந்து விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துபோகிறது. பின்னர் நியாயவிலைக் கடையில் விரல் வைக்கும் கருவி அவர்களை இன்னார் என்று ஏற்க மறுக்கிறது. இதனை அப்பெண்களே சொல்லக் கேட்டு மாணவர் எழுதியுள்ளார். அதையடுத்து, இறைவன் தம் மக்களைத் தம் உள்ளங்கைகளில் பொறித்திருப்பதாக எசாயா 49ஆம் அதிகாரத்தில் வரும் பகுதியை அவர் விளக்கும் பாங்கு, கற்றறிந்த விளக்கவுரைகள் பலவற்றில் நாம் காணாதது. ரேகை அழிந்த கையையும் பெயர் பொறித்த கையையும் அவர் எதிரெதிரே நிறுத்துகிறார். இவ்வொப்புமை எங்கிருந்து கிடைத்தது என்று நாம் வினவியபோது, "கொட்டை உடைக்கிற அக்கா ஒருவர் சொன்னதுதான் ஐயா" என்றார்.

ஏட்டில் அந்த அக்கா எங்கே? தேடிப் பார்த்தோம். கண்ட இடமெல்லாம் "கிராமப் பெண்கள் கூறுகின்றனர்" என்றும், "இம்மக்களிடையே நிலவும் கருத்து" என்றும் இருக்கின்றதேயன்றி, எந்தப் பெண், எந்த நாள், எவ்விடத்தில், யார் முன்னிலையில் என்ற குறிப்பு ஓரிடத்திலும் இல்லை. அவ்வொப்புமை வரும் பக்கத்திலோ மாணவரே கண்டுணர்ந்ததுபோல வாக்கியம் அமைந்துள்ளது. அதே பக்கத்தின் அடியில் மனிதனின் அடையாளம் என்னும் பொருள்பற்றி எழுதிய ஐரோப்பிய அறிஞர் இருவருக்கு நூற்பெயர், பதிப்பிடம், ஆண்டு, பக்க எண் அனைத்தும் குறைவின்றித் தரப்பட்டுள்ளன. அவ்வறிஞர்களிடம் அவர் பெற்றது இரண்டு சொற்றொடர்கள். அக்காவிடம் பெற்றது இயல் முழுமையும்.

இது மாணவர் ஒருவரின் குறை மட்டுமாக இருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நம் கல்லூரிகளில் அடிக்குறிப்பு எழுதும் முறையைக் கற்பிக்கும்போது காற்புள்ளி எங்கே, முக்காற்புள்ளி எங்கே, நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இடுவதா அடிக்கோடிடுவதா என்பவற்றிலேயே நேரம் கழிந்துவிடுகிறது. அச்சேறிய நூல் ஒன்றே சான்று, வாய்ச்சொல் சான்றாகாது என்னும் எண்ணம் அவ்வாறே மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. நற்செய்தி எழுதப்படுமுன் வாய்மொழியாகவே வழங்கியது என்று முதலாண்டிலேயே கற்பிக்கும் நாம் இவ்வாறு எண்ணத் தலைப்படுவது விந்தை.

அடிக்குறிப்பே மேனாட்டார் புகுத்திய ஆடம்பரம், தமிழ் மரபுக்கு அயலானது என்போரும் உளர். அவர்களுக்கு ஓரளவு ஆதரவு உண்டு. தொல்காப்பியம் முன்னோர் கருத்தைச் சொல்லுமிடத்து 'என்ப' என்று முடித்துவிடும். என்றவர் யார் என்பதைச் சொல்லாது. உரையாசிரியர்களும் பிறர் பாட்டை எடுத்துக் காட்டிப் 'பிறரும் கூறினார்' என்ற அளவில் நிறுத்துவதுண்டு. அக்காலத்தில் அதைக் கேட்ட மாணாக்கர்க்குப் பாட்டு முழுதும் மனப்பாடமாயிருந்தது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அம்மனப்பாடம் அற்றுப்போன காலத்தில் நேர்ந்தது என்ன? உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றபோது, நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் அலைந்தார். சங்கத் தொகைகளின் ஏடுகள் கைக்கு வந்த பின்னரே அவற்றுட் பல துலங்கின. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. மேற்கோள் நூல்களைத் தேடிக் கண்டு அட்டவணையிடுவதைத் தம் பதிப்புகளில் ஒரு கடமையாகவே அவர் மேற்கொண்டார். பட்டவருக்கே அருமை தெரியும்.

பெயர் சொல்லிய மரபும் நம்மிடம் உண்டு. புறத்திரட்டு என்னும் பழைய தொகைநூல், தான் எடுத்துத் தொகுத்த பாடல்களுக்கு அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று பெயர் குறித்துச் செல்கிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி இன்று நூலாகக் கிடைக்கவில்லை. நம்மிடம் எஞ்சியுள்ள எழுபது அளவினவாகிய பாடல்களில் மிகப் பெரும்பகுதி அத்தொகையில் காக்கப்பட்டவையே. தொகுத்தவர் பெயர் குறிக்கத் தவறியிருந்தால் அப்பாடல்கள் தப்பியிருக்கலாம், வளையாபதி தப்பியிராது. திருச்சபை வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. எராப்போலியின் பேராயராயிருந்த பாப்பியாஸ் எழுதிய ஐந்து நூல்களும் மறைந்துபோயின. மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராயிருந்தார் என்று அவர் கூறியதை நாம் அறிவது, நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் பாப்பியாஸின் பெயரையும் நூலையும் சுட்டி எடுத்தெழுதியதாலேயே. பாப்பியாஸின் அறிவாற்றலை யூசேபியஸ் மதிக்கவில்லை என்பது நாம் அறிந்ததே. மதியாதவரையும் பெயர் சொல்லியே எடுத்தாண்டார்.

மாணவரின் ஏட்டுக்கு மீள்வோம். அதன் முதல் இயல் வட்டாரத்தின் சமய வரலாறு. பண்ணுருட்டியை அடுத்த திருவாமூர் அப்பர் பிறந்த ஊர் ஆதலின் அவரைத் தவிர்க்க இயலாது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய வரலாற்றை விரிவாக எழுதி, "அப்பர் தம் தேவாரத்தில் கூறுகிறார்" என்று முடிக்கிறார். அப்பர் தம் பாடல்களில் அந்நிகழ்ச்சியைச் சுட்டுவது உண்மை. ஆனால் மாணவர் எழுதிய அளவுக்கு நிகழ்ச்சிகளை நிரல்பட அமைத்துக் கூறுபவர் சேக்கிழார். அப்பருக்கு ஐந்நூறு ஆண்டு பிற்பட்டவர். ஏழாம் நூற்றாண்டுக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் இடையே சமண சைவ உறவு எத்தனையோ மாறியிருக்கும். சேக்கிழார் கண்ணால் பார்த்ததை அப்பரின் வாயில் வைத்தால், வரலாறு எழுதியதாகாது. நம் மாணவர் மத்தேயுவை மாற்கிலிருந்து பிரித்துக் காண நன்கு பயின்றவர். அப்பயிற்சியைப் பிற சமய நூல்களிடத்துக் கைவிடுவது மரியாதைக் குறைவு என்றே கருதுகிறோம்.

இத்தவறு புதிதன்று, நம் சொந்த வீட்டிலேயே, தரங்கம்பாடியிலேயே அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1706இல் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ்நாட்டுத் தெய்வங்களின் மரபைப் பற்றி 1713இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி முடித்தார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1719இல் அவர் இறந்து, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல் வில்ஹெல்ம் கெர்மன் என்பவர் சென்னையில் அதனைப் பதிப்பித்தார். மூலத்தை உள்ளபடி தராமல் திருத்தியும் தம் குறிப்புகளைச் சேர்த்தும் வெளியிட்டார். ஈராண்டுக்குப் பின், 1869இல், மெட்ஸ்கர் என்பார் அதனை ஆங்கிலப்படுத்தினார். அது தழுவலான மொழிபெயர்ப்பு என்றும், புதிய செய்திகள் பல சேர்க்கப்பட்டன என்றும் அதன் முகப்புத்தாளே வெளிப்படையாகக் கூறுகிறது. மெட்ஸ்கர் எவரையும் ஏமாற்றவில்லை. ஏமாந்தவர்கள் முகப்புத்தாளைப் படியாதவர்கள்.

அந்த ஆங்கில நூலே பின்வந்தோருக்கு எளிதாகக் கிடைத்தது. அதிலிருந்து ஒரு வரியை எடுத்துச் "சீகன்பால்கு கூறுகிறார்" என எழுதுவது நம்மிடையே நெடுநாள் வழக்காயிற்று. அவ்வரி 1713ஆம் ஆண்டுத் தரங்கம்பாடியில் எழுதப்பட்டதா, 1867ஆம் ஆண்டுச் சென்னையில் சேர்க்கப்பட்டதா, 1869இல் புகுந்ததா என்று ஆராய்ந்தவர் சிலரே. நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் ஐரோப்பியர் இந்தியச் சமயத்தைப் பார்த்த பார்வை முற்றும் மாறிவிட்டது. முன்னவர் ஊர் மக்களோடு திண்ணையில் அமர்ந்து வினவிக் கற்றவர். பின்னவர் காலத்திலோ வடமொழி நூலாராய்ச்சி ஓங்கியிருந்தது. பின்னவர் சொல்லை முன்னவர்மேல் ஏற்றிப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு. டேனியல் ஜெயராஜ் மூலக் கைப்படியை ஆராய்ந்து 1713ஆம் ஆண்டு வடிவத்தை 2003இல் ஜெர்மனியில் பதிப்பித்தார். 2005இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. இருந்தும் 1869ஆம் ஆண்டு நூலையே எடுத்தாளும் கட்டுரைகள் இன்றும் நம் கைக்கு வருகின்றன. நூலகத்தில் இருப்பது அது ஒன்றே எனில் எடுத்தாளலாம்; மெட்ஸ்கரின் பெயரோடு எடுத்தாளுக. அவ்வளவே நாம் கேட்பது.

சீகன்பால்கு தாமே இவ்வகையில் பலரினும் நேர்மையாளர். தெய்வ மரபு பற்றிய அந்நூலின் தலைப்பிலேயே, இது இந்நாட்டாரின் சொந்த நூல்களிலிருந்தும் மடல்களிலிருந்தும் திரட்டப்பட்டது என்று குறித்தார். அதற்கு முன்பே, 1708இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதினார். சமயம், இலக்கணம், கதை, நீதி எனப் பலதிறப்பட்ட அச்சுவடிகளின் பட்டியலை வில் ஸ்வீட்மன், இரா. இலக்குவன் துணையுடன் ஆராய்ந்து 2012இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டுள்ளார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கடற்கரையூரில் என்னென்ன தமிழ் நூல்கள் கைக்குக் கிடைத்தன என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேறு இல்லை. இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அதைப் புரட்டுதல் வேண்டும். துணைநூற்பட்டியல் என்பது மதிப்பெண்ணுக்காகப் பின்னால் ஒட்டும் தாள் என்ற எண்ணம் அத்தோடு தீர்ந்துபோகும்.

ஆனால் அந்தச் சொந்த மடல்கள்? அங்கேதான் நாம் இடறுகிறோம். சீகன்பால்குவும் அவர் உடனூழியர் குருண்ட்லரும் தமிழர் பலருக்கு வினாக்கள் எழுதியனுப்பி விடை பெற்றனர். கடவுள், பாவம், உணவு, மருத்துவம், திருமணம், கிறிஸ்தவர்களின் ஒழுக்கம் எனப் பல பொருள்பற்றித் தமிழர் எழுதிய ஏறத்தாழ நூறு மடல்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு, ஹாலேயிலிருந்து 1714லும் 1717லும் அச்சாயின. தமிழ் மூலங்கள் இன்று கிடைக்கவில்லை. எழுதியவர்களின் பெயர்களும் அச்சில் இடம்பெறவில்லை. அயல்நாட்டார் சமயத்தவர்க்கு வெளிப்படையாக மறுமொழி எழுதியவருக்குத் தம் ஊரில் இடர் நேரலாம் என்னும் அச்சம் அன்று பொய்யன்று. எனவே பெயரை மறைத்ததில் கருணை இருந்திருக்கலாம். ஆயினும் விளைவு என்ன? தமிழர் தாமே தம் சமயத்தைப் பற்றி ஐரோப்பியர்க்கு எழுதிய அம்மடல்கள், பெயர் தெரியா மலபாரிகளின் மடல்களாயின. படித்தவர்கள் அவற்றைச் சீகன்பால்குவின் நூலாகவே நினைத்தார்கள். சீகன்பால்குவுக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பன், ஐரோப்பிய ஏடுகளில் அலெப்பா எனச் சிதைந்த பெயரோடு அங்குமிங்கும் தலைகாட்டுகிறார். சில மடல்களில் அவர் கை உண்டு என்று ஆய்வாளர் கருதுவர். எவை என்று அறுதியிட்டுக் கூற இனி வழியில்லை.

காடாம்புலியூர் ஏட்டைப் படித்தபோது நம் நெஞ்சில் எழுந்தது இந்த நினைவே. முந்நூறு ஆண்டுக்கு முன் கடல்கடந்து வந்தவர்கள் செய்ததை, பக்கத்து ஊரில் பிறந்து அதே மொழி பேசும் நாமும் செய்கிறோம். அவர்களுக்கேனும் ஓர் அச்சத்தைக் காரணமாகச் சொல்லலாம். நம் மாணவர் அப்பெண்களிடம் பெயர் எழுதலாமா என்று கேட்கவே இல்லை.

புதுச்சேரி நமக்கு அணித்தாயிருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 1760இல் மோதாவ் என்னும் பிரெஞ்சுப் படை அலுவலர் இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற ஒரு கைப்படியை வோல்த்தேர் பெற்றார். எசூர்வேதம் எனப் பெயரிய அப்பிரெஞ்சு நூலை மிகப் பழைய இந்திய மறையின் மொழிபெயர்ப்பு என நம்பி, கிறிஸ்தவ மறைக்கு முற்பட்ட தூய அறிவுக்கு அதைச் சான்றாக எடுத்தாண்டார். 1778இல் அது அச்சும் ஏறியது. பிற்பாடு, திருக்குறளை ஆங்கிலப்படுத்தத் தொடங்கியவராக நாம் அறியும் எல்லிஸ், புதுச்சேரியில் கத்தோலிக்கக் குருமாரிடம் இருந்த கைப்படிகளைக் கண்டு, அது கிறிஸ்தவ ஊழியர்கள் இயற்றிய போலி என்று காட்டினார். அவர் கட்டுரை அவர் இறந்தபின் 1822இல் வெளிவந்தது. கிறிஸ்தவத்தைத் தாக்க வோல்த்தேர் எடுத்த ஆயுதம் கிறிஸ்தவர் பட்டறையில் அடித்தது! இதனை நகைச்சுவையாகச் சொல்லி மகிழ்வோர் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. எல்லிஸும் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சொல்லக் கேட்டு, நூலை இயற்றியவர் இராபர்ட்டு தெ நொபிலி என்று எழுதினார். அதற்கு ஆதாரம் போதாது. ஆயினும் அவர் பெயரைச் சொன்னவர்கள் அனைவரும் நொபிலியின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள். 1984இல் லூடோ ரோஷே வெளியிட்ட ஆய்வு அக்கருத்துகள் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, ஆசிரியர் இன்னார் என்று துணிய இயலாமையைக் காட்டியது. போலியை வெளிப்படுத்தியவரின் கட்டுரையே இன்னொரு பிழைக்குத் தாயாயிற்று. கட்டுரையில் பெரும்பகுதி சரியாயிருந்தால் எஞ்சிய பகுதியும் சரி என்று கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள சோம்பல்.

திருமறை ஆசிரியர்களே இவ்வளவு நுணுக்கம் பார்க்கவில்லையே என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. எபிரேயர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் எட்டாம் சங்கீதத்தை எடுத்தாளும்போது, யாரோ ஓரிடத்தில் சொன்னதாகவே குறிக்கிறது. மத்தேயு 27ஆம் அதிகாரம் எரேமியா என்கிறது. சொற்களோ சகரியாவுக்கு நெருங்கியவை. கேள்வி நியாயமானது. ஆனால் அக்காலத் திருச்சபை அக்குறிப்புகளைச் சும்மா விடவில்லை என்பதையும் நோக்குக. மாற்கு முதல் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் பழைய கிரேக்கப் படிகள் ஏசாயாவின் பெயரைச் சொல்கின்றன. தொடர்ந்து வரும் முதல் மேற்கோளோ மல்கியா மூன்றாம் அதிகாரத்தைச் சேர்ந்தது. இடர்ப்பட்ட படியெடுப்போர் அப்பெயரை நீக்கித் 'தீர்க்கதரிசிகள்' எனப் பொதுவாக மாற்றினர். அம்மாற்றம் பெற்ற படிகளின் வழிவந்த நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஏசாயாவின் பெயர் இராது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் எசாயாவின் பெயர் இருக்கும். ஆகவே, மாற்கு 1:2 என்று மட்டும் எழுதி மொழிபெயர்ப்பைச் சொல்லாது விடும் கட்டுரையாளர், வாசகர் கையில் இருக்கும் நூலில் இல்லாத ஒன்றைப் பற்றி வாதிடும் நிலை உண்டாகலாம். மறையுரையில் இப்பிழை ஒருவேளை தப்பலாம். ஆய்வுக் கட்டுரையில் தப்பாது.

சங்கீத எண்களும் அவ்வாறே. எபிரேய மரபில் ஒன்பது, பத்து என இரண்டாக உள்ளவை கிரேக்க, இலத்தீன் மரபில் ஒன்று. அதனால் அங்கிருந்து நெடுந்தூரம் எண் ஒன்று குறைந்தே செல்லும். அகுஸ்தீன் ஐம்பதாம் சங்கீதத்துக்கு எழுதிய விளக்கத்தை நம் வேதாகமத்தின் ஐம்பதாம் சங்கீதத்தோடு பொருத்தி வியந்த கட்டுரை ஒன்றை நாம் படித்ததுண்டு. அவர் விளக்கியது நம் ஐம்பத்தோராம் சங்கீதமாகிய தாவீதின் மனந்திரும்புதல். வியப்புக்கு இடமிருந்தது உண்மையே.

இனித் தமிழில் எழுதுவோர்க்கே உரிய சிக்கல்கள் சில. ஆங்கில முறையைப் பின்பற்றிக் கடைசிப் பெயரை முன்னே நிறுத்தும் வழக்கம் நம் துணைநூற்பட்டியல்களில் பரவிவிட்டது. விளைவாக, "பிள்ளை" என்ற தலைப்பின்கீழ் கிருஷ்ணபிள்ளையும் வையாபுரிப் பிள்ளையும் ஒரே குடும்பத்தார்போல வரிசையில் நிற்கிறார்கள். தந்தையின் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகிறது. தமிழரை அவரவர் இயற்பெயரில் அகரவரிசைப்படுத்துவதே பொருத்தம். முன்னெழுத்தை விடாமல் சேர்த்துக்கொள்ளலாம். முன்னெழுத்தும் அடைமொழியும் இன்றி வெறும் "வேதநாயகர்" என்று எழுதுவாரும் உளர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய சுவிசேஷக் கவிராயர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்தவர், கத்தோலிக்கர், பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய முன்சீப். இருவரையும் ஒருவராக்கிய கட்டுரைக்கு நாம் என்ன மதிப்பெண் இடுவது?

மொழிபெயர்த்துக் களவாடுதல் இதனினும் பெரிது. ஆங்கில விளக்கவுரையின் இரண்டு பக்கங்களைத் தமிழாக்கி, தன்மையில் எழுதி, நூலைக் கடைசிப் பட்டியலில் மட்டும் சேர்த்துவிடுவர். கேட்டால், தமிழ் தம்முடையது என்பர். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க விதி வகுத்தது. ஒப்புமை நூற்றுக்கு 10 வரை இருப்பின் தண்டமில்லை, மேற்பட்டால் படிப்படியாகத் தண்டம். அது முதல் மாணவரும் ஆசிரியரும் அந்த எண்ணையே பார்க்கின்றனர். கணிப்பொறி சொற்களை எண்ணும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த கருத்தைப் பிடிப்பது அதற்கு எளிதன்று. காடாம்புலியூர் அக்காவின் வாய்ச்சொல்லையோ அது அறியவே அறியாது. நம் மாணவரின் ஏடு அச்சோதனையில் குறையின்றித் தேறியது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சொல் அவருடைய இரண்டாம் இயலில் திரும்பத் திரும்ப வருகிறது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலம் இழந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அத்தொழிலாளருள் இருப்பதாக எழுதுகிறார். நிலக்கரி நிறுவனம் 1956இல் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு சுரங்கப் பணி தொடங்கியது. நில எடுப்போ அதன்பின் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்த கதை. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை குடும்பம் என்ற வினாக்களுக்கு அவர் தரும் விடை "பலர் இடம்பெயர்ந்ததாகக் கூறப்படுகிறது" என்பது. யாரால் கூறப்படுகிறது? நிறுவனத்தாலா, வருவாய்த் துறையாலா, நிலம் இழந்தவராலா? மூவரும் மூன்று கணக்குச் சொல்வர். அவ்வேறுபாடே ஆய்வுக்குரிய பொருள். 'கூறப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினை அதனை மூடிவிடுகிறது. நிலம் இழந்தவர் பக்கம் நின்று பேச விரும்பும் கட்டுரைக்கு இதைவிடத் தீங்கு வேறில்லை. எதிர்ப்பக்கத்தார் "ஆதாரம் எங்கே?" என்று ஒரே வினாவில் அதனைத் தள்ளிவிடுவர்.

இவற்றையெல்லாம் நாம் மாணவருக்கு எழுதினோம். அவர் மனம் வருந்தினார். பின்னர் காடாம்புலியூருக்கு மீண்டும் சென்றார். அடிக்குறிப்புக்கு என்ன வேண்டும் என்று எளிமையாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தோம்: பேசியவர் பெயர், ஊர், நாள், பேசிய இடம், உடனிருந்தோர், ஒலிப்பதிவா நினைவிலிருந்து எழுதியதா என்பது. இசைவு கேட்டுப் பெற்றதையும் குறிக்க வேண்டும். பெயர் வேண்டாம் என்பவருக்கு மாற்றுப்பெயர் இடலாம். மாற்றுப்பெயர் என்பதையும் அதற்குரிய காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பேசியவை அவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்பதை நாம் எழுத மறந்தோம்; அவர் தாமாகவே செய்தார்.

வாசித்துக் காட்டியபோது சிலர் சொன்னதைத் திருத்தினர். இருவர் வேலை போய்விடும் என்று அஞ்சிப் பெயர் வேண்டாம் என்றனர். பட்டறை முதலாளி வழியில் வரும்போது பேச்சை நிறுத்திய ஒருவர், அவர் போனபின், தம் பெயர் வரட்டும் என்றார். எசாயாவின் வசனத்தைச் சொன்ன அக்கா, ஏட்டில் தம் சொல் வரும் பக்கத்தை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பெயர் போட ஒப்புக்கொண்டார். பிறகு அவர் மாணவரிடம் ஒன்று கேட்டார்: பெயருக்கு முன்னால் அப்பா எழுத்தைப் போடுவதா, வீட்டுக்காரர் எழுத்தைப் போடுவதா? குடும்ப அட்டையில் ஒன்றும், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்றுமாக இருக்கிறதாம். மாணவர் அதை நம்மிடம் கேட்டு எழுதியிருக்கிறார். எந்தக் கையேட்டிலும் அதற்கு விடை காணோம். அக்காவிடமே கேட்டு, அவர் சொல்லும் எழுத்தைப் போடுமாறு எழுதியுள்ளோம்.